வெட்டாத கத்திக்கு விலை அதிகம்

தேனி மாவட்டத்தில் நாற்றங்கால் நடத்தும் வாசகர் ஒருவர் அனுப்பியிருக்கும் கேள்வி இது:

'மா, சாத்துக்குடி ஒட்டுக் கன்றுகள் உற்பத்தி செய்கிறோம். பக்கத்து நாற்றங்கால்காரர் ஜெர்மனியில் செய்த ஒட்டுக்கத்தி வைத்திருக்கிறார். பல ஆயிரம் ரூபாய் என்கிறார். தொட்டுப் பார்க்கக் கேட்டாலும் கொடுப்பதில்லை. அதைப் பார்த்த நாளிலிருந்து எங்கள் கத்தி மொண்ணையாகவே தெரிகிறது. அதே மாதிரி ஒன்று வாங்கினால் ஒட்டு பிடிப்பது கூடுமா? அல்லது இது வெறும் வயிற்றெரிச்சலா?'

பின் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடலாம். ஆமாம், கொஞ்சம் வயிற்றெரிச்சல்தான். வெட்கப்பட ஒன்றுமில்லை. கத்திக்காக வயிறு எரிகிறவர்கள் உலகத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். அமெரிக்காவில் அவர்களுக்கென்று சங்கங்கள் உண்டு. அட்லாண்டா நகரில் ஆண்டுதோறும் பெரிய கத்திக் கண்காட்சியே நடக்கிறது. அவர்கள் கத்தி வாங்கும் விதத்தையும், பொறாமைப்படும் விதத்தையும், அதைச் சொல்லிச் சிரிக்கும் விதத்தையும் பார்த்தால், வாசகரின் முதல் கேள்விக்கும் பதில் கிடைத்துவிடும்.

உழவரின் சட்டைப்பையில் இருந்தது

இன்று சேகரிப்பாளர்கள் போட்டி போட்டு வாங்கும் பல மடக்குக் கத்திகள் விவசாயிகளுக்காகவும் மாடு வளர்ப்பவர்களுக்காகவும் செய்யப்பட்டவை. 'ஸ்டாக்மேன்' என்ற வகையை எடுத்துக்கொள்ளுங்கள். பெயரே கால்நடை வளர்ப்பவர் என்றுதான் பொருள்படும். உள்ளங்கை நீளமுள்ள ஒரே பிடியில் மூன்று அலகுகள் மடங்கியிருக்கும். முதல் அலகு முனை கூரானது. கயிறு அறுக்க, சாக்குப் பிரிக்க, பொது வேலைக்கு. இரண்டாவது ஆட்டுக் குளம்பு போல முனை மழுங்கி, வெட்டும் பக்கம் நேராக இருக்கும். பலகை மேல் வைத்து நேராக அறுக்க ஏற்றது. மூன்றாவது அலகின் முனை உருண்டையாக இருக்கும். கன்றுகளுக்குக் காயடிக்கும்போது முனை தவறிக் குத்திவிடக் கூடாது என்பதற்காக வந்த வடிவம் அது. நம் ஊரில் இந்த வேலைக்கு பர்டிசோ இடுக்கி வந்து பல காலம் ஆகிறது. அதையும் கால்நடை மருத்துவமனையில்தான் செய்துகொள்ள வேண்டும்.

இந்த வகைக் கத்திகளுக்குப் பெயர்போன நிறுவனங்களில் ஒன்று கேஸ். 1889ல் கேஸ் சகோதரர்கள் தொடங்கிய தொழில். பிற்பாடு பென்சில்வேனியா மாநிலத்தின் பிராட்ஃபோர்டு ஊரில் நிலைகொண்டது. அதன் கத்திகளில் ஓர் எண் இருக்கும். உதாரணமாக 6254 என்றால், 6 என்பது எலும்புப் பிடி, 2 என்பது இரண்டு அலகு, 54 என்பது கத்தியின் வடிவம். நம் வாசகர்களுக்கு இதில் ஒரு சேதி உண்டு. அந்த எலும்புப் பிடிகளுக்குப் பயன்படுவது பிரேசில் நாட்டுத் திமில் மாடுகளின் கால் எலும்பு. பிரேசிலின் திமில் மாடுகளோ, இங்கிருந்து போன ஓங்கோல், கிர் முதலான இனங்களின் வாரிசுகள். ஆக, அமெரிக்காவில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கும் கத்தியின் பிடியில் நம் மாட்டுக்கும் ஒரு பங்கு உண்டு.

புள்ளி எண்ணுகிறவர்கள்

கேஸ் கத்தியில் அலகின் அடிப்பகுதியில் நிறுவன முத்திரை இருக்கும். 1970ஆம் ஆண்டு அந்த முத்திரைக்குக் கீழே 10 புள்ளிகள் வைத்தார்கள். அடுத்த ஆண்டு ஒரு புள்ளியைக் குறைத்து 9. அப்படியே ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து, 1979ல் ஒரே ஒரு புள்ளி. ஆகவே 7 புள்ளி இருந்தால் அது 1973ல் செய்த கத்தி. மாட்டுக்குப் பல் பிடித்துப் பார்த்து வயது சொல்வது போல, கத்திக்குப் புள்ளி எண்ணி வயது சொல்லலாம்.

கத்தியின் வயதைச் சரியாகச் சொல்ல வழி வந்தவுடன் போட்டியும் சூடு பிடித்தது. 10 புள்ளி வைத்திருப்பவரைப் பார்த்து 9 புள்ளி வைத்திருப்பவருக்கு ஏக்கம். புள்ளியே இல்லாத 1970க்கு முந்தைய முத்திரை வைத்திருப்பவரைப் பார்த்து இரண்டு பேருக்கும் ஏக்கம். கத்தி என்னவோ ஒரே எஃகு, ஒரே வடிவம், ஒரே வேலை. ஆப்பிளை நறுக்கினால் எந்தப் புள்ளிக் கத்தி நறுக்கியது என்று ஆப்பிளுக்குத் தெரியாது.

இதில் இன்னொரு விநோதம் உண்டு. பழைய கத்திக்கு அதிக விலை கிடைக்க வேண்டுமானால், அதை ஒருமுறைகூடச் சாணை பிடித்திருக்கக் கூடாது. தீட்டத் தீட்ட அலகு ஒடுங்கும். ஒடுங்கினால் விலை போச்சு. துரு பிடித்திருக்கிறதே என்று எந்திரத்தில் கொடுத்துப் பளபளப்பாக்கினால் இன்னும் மோசம். விவரம் தெரிந்தவர் அந்தக் கத்தியைத் தொடமாட்டார். அதாவது, 50 ஆண்டு தினமும் சட்டைப்பையில் இருந்து, கொடி அறுத்து, மூட்டை பிரித்து, வாரம் ஒருமுறை தீட்டப்பட்ட கத்தி மலிவு. வாங்கிய நாளிலேயே மறந்து மேசை இழுப்பறையில் போட்ட கத்திக்கு யானை விலை. உழைத்ததற்குக் குறைந்த விலை, சும்மா கிடந்ததற்கு உயர்ந்த விலை என்பது விளைபொருள் விற்கும் நமக்குப் புதிதில்லைதான்.

பெயர் 'வேலை', ஆனால் வேலை கிடையாது

தென்னாப்பிரிக்காவில் பிறந்து அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் பட்டறை அமைத்த கிறிஸ் ரீவ் என்பவரின் மடக்குக் கத்தி ஒன்று உண்டு. பெயர் செபென்சா. ஜூலு மொழியில் 'வேலை' என்று பொருள். டைட்டேனியம் பிடியும் உயர்ரக எஃகு அலகும் கொண்டது. புதிதாக வாங்க 400 டாலருக்கு மேல், அதாவது நம் பணத்தில் 30,000 ரூபாயைத் தாண்டும். வேலைக்கென்றே பெயர் வைத்த அந்தக் கத்தியை வாங்கியவர்களில் பலர் அதில் செய்யும் அதிகபட்ச வேலை, தபால் உறை பிரிப்பது. சிலர் அதுகூட இல்லை; கீறல் விழுந்துவிடும் என்று அஞ்சி, உறையைக் கையால் கிழித்துவிட்டுக் கத்தியைத் துடைத்து உள்ளே வைப்பார்கள். இப்படிப் பெட்டகத்தில் பூட்டியே வைக்கப்படும் கத்திக்கு அவர்களே வைத்த கேலிப் பெயர் 'பெட்டகத்து ராணி'.

புளோரிடா மாநிலத்தின் ஆர்லாண்டோவில் ராண்டல் பட்டறை இருக்கிறது. அங்கே ஒரு கத்திக்குச் சொல்லிவைத்தால் கைக்கு வர ஆண்டுக் கணக்கில் ஆகும். தென்னங்கன்று நட்டுக் காய் பறிப்பதற்கான பொறுமை வேண்டும். காத்திருக்க முடியாதவர்கள், ஏற்கெனவே கையில் வைத்திருப்பவரிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்குவார்கள்.

பென்சில்வேனியாவின் டைட்டஸ்வில் ஊர் 1859ல் எட்வின் டிரேக் எண்ணெய்க் கிணறு தோண்டியதால் புகழ்பெற்றது. அங்கே 2006ல் தொடங்கிய கிரேட் ஈஸ்டர்ன் கட்லரி என்ற நிறுவனம், பழைய பாணி மடக்குக் கத்திகளைச் சிறு சிறு தொகுதிகளாகச் செய்கிறது. எஃகு ஆடம்பரமானதல்ல, துருப்பிடிக்கக்கூடிய சாதாரணக் கார்பன் எஃகு. ஆனால் எண்ணிக்கை குறைவு. கேட்பவர்கள் அதிகமுள்ள வகை கடைக்கு வந்தால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். அவர்களுடைய ஒரு வரிசைக்குப் பெயர் 'பண்ணை, வயல் கருவி'. அந்தப் பெயர் பொறித்த கத்திகளில் எத்தனை வயலைப் பார்த்திருக்கும் என்று சேகரிப்பாளர்களே கேட்டுச் சிரித்துக்கொள்கிறார்கள்.

மறுபக்கம் பிரான்ஸ் நாட்டின் ஒப்பினெல். 1890ல் சவாய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் செய்யத் தொடங்கிய உழவர் கத்தி. மரப்பிடி, ஒரே அலகு. 1897ல் 1 முதல் 12 வரை எண் கொடுத்து 12 அளவுகளில் வந்தது. மழையில் நனைந்தால் மரப்பிடி உப்பி, அலகு வெளியே வராமல் இறுகிவிடும். அதற்கு அந்த ஊர்க்காரர்கள் கண்ட வழி எளிது. பிடியின் பின்முனையை மேசையில் ஒரு தட்டு தட்டினால் அலகு எட்டிப் பார்க்கும். இன்றைக்கும் சாதாரண மனிதர் வாங்கும் விலையில் கிடைக்கிறது. கத்திப் பிரியர்கள் கூடும் இடத்தில் ஒருவர் தன் விலையுயர்ந்த கத்தியை எடுத்துப் பத்து நிமிடம் விளக்குவார். கேட்டுக்கொண்டிருப்பவர் தன் பையிலிருந்து ஒப்பினெல்லை எடுத்து, பேசாமல் ரொட்டியையும் பாலாடைக் கட்டியையும் நறுக்கி எல்லோருக்கும் கொடுத்துவிடுவார். அதற்கு மேல் வாதம் எதற்கு?

பொறாமையை வாய்விட்டுச் சொல்வது

இந்தக் கூட்டத்தில் கவனிக்க வேண்டிய நல்ல பழக்கம் ஒன்று உண்டு. அவர்கள் பொறாமையை மறைப்பதில்லை. அரிதான கத்தி ஒன்றை ஒருவர் வாங்கிவந்து காட்டினால், மற்றவர்கள் 'வாழ்த்துகள், இன்று எங்களுக்குத் தூக்கம் போச்சு' என்பார்கள். 'உங்கள் முகவரியும், நீங்கள் வெளியூர் போகும் தேதியும் சொல்லுங்கள்' என்பார் ஒருவர். காட்டியவருக்கும் அதுதான் வேண்டியிருக்கிறது. கத்தி வாங்கியதில் பாதி இன்பம், நாலு பேர் வயிறு எரிவதைப் பார்ப்பதில் இருக்கிறது என்று அவர்களே ஒப்புக்கொள்வார்கள்.

தங்களைப் பற்றிய கேலிக்கும் குறைவில்லை. 'ஒற்றைக் கத்தி தனியாக இருந்தால் ஏங்கிப் போகும், துணைக்கு ஒன்று வாங்கினேன்' என்பது ஒரு சாக்கு. 'பேரனுக்காக வாங்குகிறேன்' என்பது இன்னொன்று. பேரன் இன்னும் பிறந்திருக்கமாட்டான். 'இதுதான் கடைசி' என்பது மாதாமாதம் வரும். சேகரிப்பாளர்கள் நடுவே பலகாலமாகச் சுற்றிவரும் நகைச்சுவை ஒன்று இது: 'நான் செத்த பிறகு, கத்திக்கு நான் சொன்ன விலையை நம்பி என் மனைவி அதே விலைக்கு எல்லாவற்றையும் விற்றுவிடுவாளோ என்பதுதான் என் ஒரே பயம்.'

சிரிப்புக்குப் பின்னால் விஷயம் இருக்கிறது. குடும்பப் பணம் எவ்வளவு இதில் போகிறது என்ற உறுத்தல் அது. கேலி செய்துகொள்ளத் தெரிந்தவர் அந்த உறுத்தலை மறக்கவில்லை என்று பொருள். கேலியைத் தாங்க முடியாமல் கோபித்துக்கொள்கிறவரைப் பார்த்தால்தான் கவலைப்பட வேண்டும்.

பொறாமை முற்றினால் என்ன ஆகும் என்பதற்கும் அங்கே சான்று உண்டு. போலிக் கத்திகள் அப்படித்தான் சந்தைக்கு வருகின்றன. சாதாரணக் கத்தியின் முத்திரையை அழித்துவிட்டு அரிய முத்திரையைப் பொறித்து விற்பவர்கள் இருக்கிறார்கள். மூன்று உடைந்த கத்திகளின் பாகங்களைச் சேர்த்து ஒரு 'பழைய' கத்தி செய்பவர்களும் உண்டு. ஏமாறுகிறவர் யாரென்றால், எப்படியாவது வாங்கிவிட வேண்டும் என்ற அவசரத்தில், அலகைத் திறந்து மூடிப் பார்க்கக்கூடப் பொறுக்காதவர்.

அந்த அவசரத்தைத் தணிக்கவும் அவர்களே இரண்டு வழக்கங்கள் வைத்திருக்கிறார்கள். ஒன்று, சுற்றுக்கு விடுவது. கத்தி வைத்திருப்பவர் அதைத் தபாலில் ஒருவருக்கு அனுப்புவார். அவர் சில நாள் பயன்படுத்திவிட்டு அடுத்தவருக்கு அனுப்புவார். சுற்று முடிந்து கத்தி உரியவரிடமே வந்து சேரும். கையில் பிடித்து ஒரு வாரம் காய்கறி நறுக்கியவுடன் பாதிப் பேருக்கு ஆசை அடங்கிவிடும். இரண்டாவது, அன்பளிப்பு. ஒருவர் வெகுநாள் தேடும் கத்தி இன்னொருவரிடம் இரண்டு இருந்தால், ஒன்றைச் சும்மா கொடுத்துவிடுவதும் நடக்கிறது. ஆனால் கத்தியைச் சும்மா வாங்கினால் நட்பு அறுந்துபோகும் என்ற நம்பிக்கை அங்கேயும் உண்டு. அதனால் பெறுகிறவர் ஒரு செப்புக் காசைத் திருப்பிக் கொடுப்பார். அன்பளிப்பு விற்பனை ஆகிவிடும், நட்பும் பிழைக்கும். கத்தியைக் கைக்குக் கை கொடுக்காமல் கீழே வைத்து எடுக்கச் சொல்லும் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு இது அந்நியமாகத் தோன்றாது.

நம் ஊர்களில் பொறாமை இப்படி வெளியே வருவதில்லை. பக்கத்து வயலில் புது டிராக்டர் வந்து இறங்கினால், 'நல்லா இருக்குங்க அண்ணே' என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, அன்று இரவே தவணைக் கணக்குப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு ஏக்கருக்கு ஆண்டில் எத்தனை மணி நேரம் டிராக்டர் ஓடும் என்ற கணக்கை மட்டும் போடமாட்டார்கள். அமெரிக்கச் சேகரிப்பாளர் பெரும்பாலும் மிச்சப் பணத்தில் கத்தி வாங்குகிறார்; வேண்டாம் என்றால் விற்றுவிடலாம். விவசாயி வட்டிக்கு வாங்கிப் பொறாமையைத் தீர்த்துக்கொண்டால், கருவி கொட்டகையில் நிற்கும், வட்டி நிற்காது. ஆண்டில் சில நாள் மட்டும் தேவைப்படும் எந்திரத்துக்கு வேளாண் பொறியியல் துறையின் இ-வாடகைத் திட்டம் இருக்கிறது. உழவன் செயலியிலேயே பதிவு செய்யலாம். 'உங்க டிராக்டரைப் பார்த்தா பொறாமையா இருக்கு, வாடகைக்கு ரெண்டு சால் ஓட்டிக் குடுங்க' என்று சிரித்துக்கொண்டே கேட்டாலும் குறைந்து போய்விடமாட்டோம்.

ஒட்டுக்கத்தி வாங்கலாமா?

இனி தேனி வாசகரின் முதல் கேள்வி. நல்ல ஒட்டுக்கத்திக்கு வேண்டியது மூன்று: எஃகு கூரைத் தாங்க வேண்டும், அலகு பிடியில் ஆடக் கூடாது, ஒரு பக்கம் மட்டும் சரிவு இருக்க வேண்டும். மறுபக்கம் தட்டையாக இருப்பதால்தான் வெட்டு சமமாக விழுகிறது. ஜெர்மனிக் கத்தியில் இந்த மூன்றும் நன்றாக இருக்கும். கூர் அதிக நேரம் நிற்கும். ஒரு நாளைக்குப் பல நூறு ஒட்டு கட்டுகிறவருக்கு, தீட்டும் நேரம் மிச்சமாவதால் அந்த விலை ஓரளவு திரும்பி வரும். நாளைக்கு 30, 40 ஒட்டு கட்டுகிறவருக்குச் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் உள்நாட்டுக் கத்தியே போதும், ஒழுங்காகத் தீட்டினால்.

ஒட்டு பிடிப்பதைத் தீர்மானிப்பவை வேறு. மாவில் இளந்தண்டு ஒட்டு என்றால், ஒட்டுக்குச்சியின் இலைகளை 7 முதல் 10 நாளைக்கு முன்பே காம்பை விட்டுக் கிள்ளியிருக்க வேண்டும். குச்சியும் வேர்ச்செடியும் ஒரே பருமனில் இருக்க வேண்டும். 3 முதல் 4 செ.மீ. நீள ஆப்பு வடிவ வெட்டை ஒரே இழுப்பில் போட வேண்டும். திரும்பத் திரும்பச் சீவினால் பரப்பு மேடு பள்ளமாகும். வெட்டிய பரப்பு காய்வதற்குள் பொருத்தி, காற்றுப் புகாமல் கட்ட வேண்டும். பட்டைக்கு அடியில் உள்ள வளர்திசு ஒரு பக்கமாவது நேருக்கு நேர் தொட வேண்டும். இதில் ஒன்று தவறினாலும் ஜெர்மனிக் கத்தி காப்பாற்றாது.

தீட்டும் முறை முக்கியம். நடுத்தரம், நைஸ் என்று இரண்டு தீட்டுக்கல் வைத்துக்கொள்ளுங்கள். சரிவுப் பக்கத்தைக் கல்லில் முழுதாகப் படியவைத்து, தூக்காமல், ஒரே கோணத்தில் தீட்ட வேண்டும். தட்டைப் பக்கத்தைத் தீட்டக் கூடாது. கடைசியில் அந்தப் பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்து ஒன்றிரண்டு இழுப்பு, பிசிர் போவதற்கு மட்டும். பிறகு பழைய தோல் வாரில் பின்னோக்கி நாலு இழுப்பு. காகிதத்தின் ஓரத்தை உரசாமல், கிழிக்காமல் அறுத்தால் கத்தி தயார். வேகச் சாணை எந்திரத்தில் கொடுக்கவே கூடாது. சூட்டில் எஃகின் பதம் போய்விடும்.

பக்கத்துக்காரர் கத்தியைத் தொடவிடாததற்கு நியாயமான காரணமும் இருக்கலாம். சாத்துக்குடி வகைகளில் பட்டை வெடித்து உரியும் எக்சோகார்ட்டிஸ் என்ற நோய் கத்தி மூலமாகவே ஒரு மரத்திலிருந்து இன்னொன்றுக்குப் பரவும். ஸ்பிரிட்டில் துடைப்பதும் நெருப்பில் காட்டுவதும் இதற்குப் போதாது. வீட்டு உபயோக ப்ளீச் திரவம் ஒரு பங்கு, தண்ணீர் 9 பங்கு கலந்து, தாய் மரம் மாறும்போதெல்லாம் அலகை முக்கி எடுக்க வேண்டும். கரைசலை அன்றன்றைக்குப் புதிதாகக் கலக்க வேண்டும். ப்ளீச் எஃகை அரிக்கும். அதனால் வேலை முடிந்ததும் நல்ல தண்ணீரில் கழுவி, துடைத்து, எண்ணெய் தடவிவிடுங்கள். ஆகவே, சொந்தக் கத்தியை அடுத்தவர் தோட்டத்துக்குக் கொடுக்காதவரைக் கஞ்சன் என்று உடனே முடிவு செய்ய வேண்டாம்.

உண்மையிலேயே தெரிந்துகொள்ள ஒரு வழி உண்டு. பக்கத்துக்காரரைக் கூப்பிட்டு, 'உங்க கத்தியப் பார்த்ததிலிருந்து வயித்தெரிச்சல் தாங்கல, ஒரு சோதனை வச்சுப் பார்ப்போம்' என்று நேராகச் சொல்லிவிடுங்கள். ஒரே வயது வேர்ச்செடியில், ஒரே மரத்துக் குச்சியில், அவர் தன் கத்தியால் 50 மா ஒட்டு கட்டட்டும். பிறகு நன்றாகத் தீட்டிய உங்கள் கத்தியால் 50. நீங்களும் உங்கள் கத்தியால் 50 கட்டுங்கள். அட்டை கட்டி வையுங்கள். ஒன்றரை மாதம் கழித்துத் துளிர்த்ததை எண்ணினால் வித்தியாசம் கத்தியிலா, கையிலா என்று தெரிந்துவிடும். கத்தியில் என்றால் வாங்குங்கள். கையில் என்றால் அவரிடம் இரண்டு நாள் பழகுங்கள். அதற்குச் செலவு ஒரு டீ.

மற்ற கேள்விகள்

கவாத்துக் கத்தியைத் தோல் உறையில் போட்டு வைத்தும் துரு பிடிக்கிறது. ஏன்? (திண்டுக்கல் வாசகர்)

தோல் உறையில் வைப்பதால்தான். தோலைப் பதப்படுத்தும் பொருள்கள் ஈரத்தோடு சேர்ந்து எஃகை அரிக்கும். தோல் ஈரத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். கத்திச் சேகரிப்பாளர்கள் உறையையும் கத்தியையும் தனித்தனியாகத்தான் வைப்பார்கள். தோட்டத்துக்குப் போகும்போது மட்டும் உறையில் போடுங்கள். வீட்டில் துடைத்து, தையல் எந்திர எண்ணெய் ஒரு சொட்டுத் தடவி, உலர்ந்த துணியில் சுற்றி வையுங்கள். தேங்காய் எண்ணெய் நாளானால் பிசுபிசுப்பாகும்; நீண்ட நாள் வைக்க ஏற்றதல்ல.

மாங்காய், எலுமிச்சை வெட்டிய கத்தி கருநீலமாக மாறிவிட்டது. தேய்த்து எடுக்க வேண்டுமா? (கிருஷ்ணகிரி வாசகர்)

வேண்டாம். கார்பன் எஃகில் புளிப்பும் பாலும் பட்டால் சாம்பல், கருநீலம் என்று நிறம் ஏறும். அது உதிராது, செந்துரு வருவதை ஓரளவு தடுக்கவும் செய்யும். அந்த நிறம் சீக்கிரம் வரட்டும் என்று வேண்டுமென்றே எலுமிச்சையிலும் கடுகுச் சாந்திலும் முக்கி வைக்கும் கத்திப் பிரியர்களே உண்டு. விரலால் தேய்த்தால் செம்பழுப்பாக ஒட்டும் துருவை மட்டும் எண்ணெயும் நைஸ் உப்புத்தாளும் கொண்டு உடனே எடுத்துவிடுங்கள்.

தாத்தா வைத்திருந்த பழைய மடக்குக் கத்தி இருக்கிறது. பிடி கண்ணாடி போல் விரிசல் விட்டு, ஒரு நெடி வருகிறது. பக்கத்தில் வைத்த கத்திகளும் துருப்பிடிக்கின்றன. (ஈரோடு வாசகர்)

பிடி செல்லுலாய்டாக இருக்கலாம். அந்தக் காலத்துப் பிளாஸ்டிக் அது. சிதையத் தொடங்கினால் அமில வாயு கக்கும். தன் அலகையும் அரித்து, பக்கத்துக் கத்திகளையும் கெடுக்கும். உடனே தனியாகப் பிரித்து, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். சீக்கிரம் தீப்பற்றும் பொருள்; அடுப்பு, விளக்குப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். அலகு நன்றாக இருந்தால், பழக்கமான ஆசாரியிடம் கொடுத்து மரப்பிடி போட்டுக்கொள்ளலாம். சேகரிப்பாளர் கணக்கில் விலை குறையும். தாத்தாவின் கத்தி மறுபடியும் கொடி அறுக்கும்.

வெளிநாட்டில் இருக்கும் மகன் ஒட்டுக்கத்தி வாங்கி வருகிறேன் என்கிறார். விமானத்தில் கொண்டுவர முடியுமா? (தென்காசி வாசகர்)

கைப்பையில் வைத்தால் விமான நிலையச் சோதனையில் எடுத்துக்கொள்வார்கள். எடை போட்டுக் கொடுத்தனுப்பும் பெட்டியில், அலகை மடக்கி, துணி சுற்றி வைக்கச் சொல்லுங்கள். வாங்குவதற்கு முன் அப்பா வலக்கைப் பழக்கமா, இடக்கைப் பழக்கமா என்று கடையில் சொல்ல வேண்டும். ஒரு பக்கச் சரிவுள்ள கத்தி இரண்டு கைக்கும் வேறு வேறு. மாறிப் போனால் அந்தக் கத்தியும் பெட்டகத்து ராணிதான்.